காதுகுத்து 12ஆம் தேதி: குடும்பக் குழு

காலை 6:41

அக்கா: (போட்டோ) வாசல் தெளிக்கப் போனேன். பந்தல் போடப்போகிற இடத்திலேயே மேன்ஹோல் மூடி ஓரமாக ரோஸ் கலர் தண்ணீர் பொங்கி வருகிறது. ஆவி வேறு பறக்கிறது.

சென்னை அண்ணன்: ரோஸ்மில்க் 😂

அம்மா: சிரிக்காதே சாமி. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

அத்தை: நேற்று என்ன கலர்

அக்கா: நேற்று நீலம் அத்தை. முந்தாநாள் பச்சை என்று பால்காரர் சொன்னார்.

சென்னை அண்ணன்: குட்டிக்குப் பட்டுப்பாவாடை எடுக்கக் கடைக்கே போக வேண்டாம். வாசலில் நின்று கலர் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா: அடைப்புத்தான். ஆள் சொல்லியிருக்கிறேன், எட்டு மணிக்கு வருகிறார்.

நான்: அடைப்பு இல்லைங்கப்பா. ராத்திரி பார்த்தேன், பின்னாடி குடோனிலிருந்துதான் வருகிறது.

பெரியம்மா: எந்தக் குடோன்

நான்: நம்ம குடோன்தான் பெரியம்மா.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: அங்கே பட்டன், ஜிப் பேக்கிங் மட்டும்தான் நடக்கிறது. நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாடகைக்கு விட்டேன்.

அத்தை: பேக்கிங்குக்கு எதற்கு அண்ணா பாய்லர்

அம்மா: எல்லோரும் முதலில் காபி குடியுங்கள்.

காலை 7:05

ஆர்.ஓ. மாமா: இப்போதுதான் பார்த்தேன். மச்சான் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற நிலையத்தில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், மேன்ஹோலில் ஆவி வருகிறது என்றால் அது பேக்கிங் இல்லைங்க. பாலியஸ்டர் பட்டனில் சாயம் ஏற வேண்டும் என்றால் தண்ணீர் கிட்டத்தட்டக் கொதிக்க வேண்டும், கொஞ்சம் ஆசிட்டும் ஊற்றுவார்கள், லாட் முடிந்ததும் சூட்டோடு சூடாகக் கவிழ்த்துவிடுவார்கள், அதுதான் நம் வாசலில் நிற்கிறது. பாதாளச் சாக்கடைக்குள் விடுகிற கம்பெனித் தண்ணீருக்குத் தனியாக அளவு இருக்கிறது. சூடு 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 5.5க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும், எண்ணெய்ப் பசை லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான். பி.ஓ.டி. 350 வரைக்கும் விடுகிறார்கள். அதே தண்ணீரை நேராக ஆற்றில் விட்டால் 30தான்.

சென்னை அண்ணன்: சாக்கடைக்கு 350, ஆற்றுக்கு 30ஆ? அப்போ சாக்கடையில் விடுவதுதானே லாபம் மாமா

பெரியப்பா: அதைத்தான் நானும் கேட்கிறேன். இடம் இருக்கிறது என்றுதானே அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறான்.

ஆர்.ஓ. மாமா: இல்லைங்க மச்சான், கூட்டிக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பி.ஓ.டி. என்றால் தண்ணீரில் இருக்கிற அழுக்கைப் பாக்டீரியா தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற கணக்கு. சாக்கடைக் குழாய்க்குக் கடைசியில் பாக்டீரியா வைத்துச் சுத்தம் பண்ணுகிற நிலையம் இருக்கிறது, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்கிற நம்பிக்கையில்தான் அந்த 350. விதிக்குக் கீழேயே எழுதியிருக்கிறது, குழாய் அப்படி ஒரு நிலையத்துக்குப் போகவில்லை என்றால் ஆற்றில் விடுவதாகத்தான் கணக்கு, 30தான். அந்தப் பாக்டீரியாவுக்கு நம்மைப் போல உயிர்தான், கொதிதண்ணீரையும் ஆசிட்டையும் ஊற்றினால் செத்துப்போகும். அப்புறம் ஊருக்கே சுத்தம் பண்ண ஆள் இல்லாமல் போகும். கலரையும் அது முழுசாகத் தின்னாது, உப்பைத் தொடவே தொடாது.

அக்கா: மாமா, குட்டி எழுந்துவிட்டாள். மீதியை அப்புறம் படிக்கிறேன்.

பெரியம்மா: சமையல்காரர் முன்பணம் கேட்கிறார்

அத்தை: நம் தெருக் குழாய் எங்கே போகிறது

அப்பா: பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகிறது என்று குழாய் பதிக்கும்போது சொன்னார்கள்.

பெரியப்பா: எங்கே சுற்றினாலும் கடைசியில் நொய்யல் ஆறுதான் கண்ணு.

அத்தை: நொய்யல் அதற்கப்புறம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும் அண்ணா

அம்மா: ஆரம்பித்துவிட்டீர்களா

காலை 7:32

பெரியப்பா: ஆமாம், எல்லாரும் என்னையே சொல்லுங்கள். 2011 ஜனவரி 28, மறப்பேனா? ஐகோர்ட் உத்தரவு வந்தது, கரண்டைப் பிடுங்கினார்கள், திருப்பூரில் இருக்கிற சாயப்பட்டறை அத்தனைக்கும் பூட்டு. என் பட்டறையில் 14 பேர். பொங்கல் போனஸ் கொடுத்து ரெண்டு வாரம்கூட ஆகவில்லை. சாயம் போடுகிற வின்ச் மெஷினைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தேன். அன்றைக்கு எந்த மாப்பிள்ளையும் வந்து விதி சொல்லவில்லை. இன்றைக்கு 18 ஆயிரம் வாடகை வருகிறது, அதுவும் கண்ணை உறுத்துகிறது.

அத்தை: 92இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். பாசனத்துக்கு என்றார்கள். தேங்கினது உங்கள் சாயத் தண்ணீர். திறந்து விடாதீர்கள் என்று விவசாயி நாங்களே கெஞ்சினோம். எங்களையும் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை

அத்தை: உங்கள் மச்சான் வைத்த தென்னை 60. இப்போது ஒன்பது

பெரியம்மா: அதற்கு இவர் ஒருத்தர்தான் காரணமா

அத்தை: நான் யாரையும் சொல்லவில்லை

சென்னை அண்ணன்: அத்தை 🙏

ஆர்.ஓ. மாமா: அந்த உத்தரவு திடீரென்று வரவில்லைங்க, அதற்கு முன்னாலேயே கெடு மேல் கெடு கொடுத்தார்கள். ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது என்று காட்டினால்தான் திறக்கலாம் என்றார்கள். அதனால்தான் இன்றைக்கு எங்கள் நிலையத்தில் சாயத் தண்ணீரை ஆர்.ஓ.வில் பிழிந்து பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறோம், மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறோம். காட்டன் துணிக்கு உப்புப் போட்டால்தான் சாயம் பிடிக்கும், அந்த உப்புத்தான் அத்தை வீட்டுக் கிணறு வரைக்கும் போனது. பட்டனில் அவ்வளவு உப்பு வராது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்படிச் சுத்தம் பண்ணச் செலவு அதிகம், அந்தச் செலவுக்குப் பயந்துதான் சின்ன ஆட்கள் குடோனுக்குள் ஒளிந்துகொண்டு ராத்திரியில் சாக்கடையில் விடுகிறார்கள். வாடகைக்கு விட்டவருக்குத் தெரியாது என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா: வைத்துக்கொள்ளலாமா?

சென்னை அண்ணன்: மாமா ஒரு மெசேஜுக்கு நாலு வரிக்கு மேல் போகக் கூடாது என்று குழுவுக்கும் ஓர் அளவு வைக்க வேண்டும்

ஆர்.ஓ. மாமா: முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். மாமா, அடைப்பு எடுக்க ஆள் சொன்னீர்களே, உள்ளே இறக்குகிற ஆளா?

அப்பா: குச்சி விட்டுக் குத்துவார். தேவைப்பட்டால் இறங்குவார், பழகினவர்தான்.

ஆர்.ஓ. மாமா: இறக்கவே கூடாதுங்க. சாக்கடையில் இருக்கிற சல்பைடில் ஆசிட் தண்ணீர் கலந்தால் விஷ வாயு வரும். முதலில் முட்டை அழுகின நாற்றம் அடிக்கும், வாயு கூடிப்போனால் மூக்கு மரத்து அந்த நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே விழுந்துவிடுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். 2013இலேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். இறந்தால் 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பணத்தை விடுங்கள், காதுகுத்து வீட்டு வாசலில்

அம்மா: ஐயோ வந்துவிட்டாரே, வாசலில்தான் நிற்கிறார்

நான்: மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா, நான் இறங்கி வருகிறேன்

காலை 8:20

நான்: டீ வாங்கிக் கொடுத்து, அன்றைய கூலியும் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. உறிஞ்சுகிற வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா: கூலி எவ்வளவு கொடுத்தாய்

நான்: அப்புறம் சொல்கிறேன்

அக்கா: சரி, வண்டி வந்து எடுத்துவிட்டுப் போகும். ராத்திரி மறுபடியும் விடுவார்கள். அதற்கு என்ன?

ஆர்.ஓ. மாமா: இசைவாணை, அதாவது தண்ணீரை வெளியே விட அனுமதி, வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 1974ஆம் வருஷச் சட்டத்தில் ஆறு, கிணறு மட்டும் இல்லை, சாக்கடைக்குள் விடவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். இல்லாவிட்டால் மூடச் சொல்லி, கரண்டையும் தண்ணீரையும் வெட்டச் சொல்லி உத்தரவு போட முடியும்.

சென்னை அண்ணன்: குடோன் கரண்ட் யார் பேரில்

பெரியம்மா: அப்பாரு பேரில். உங்கள் தாத்தா போன பிறகும் மாற்றவில்லை

அப்பா: சாக்கடை இணைப்பும் அப்பாரு பேரில்தான். குடோனுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. வீட்டு உபயோகம் என்று எழுதி வாங்கினது. பாகம் பிரித்த அன்றைக்கே மாற்றலாம் என்றேன், அண்ணன்தான் அப்புறம் பார்க்கலாம் என்றார்.

பெரியப்பா: நான் அப்புறம் என்றேனா, நீ பத்திரச் செலவில் பாதி தரமாட்டேன் என்றாயா

சென்னை அண்ணன்: அப்போ நோட்டீஸ் அப்பாருக்கா வரும் 😳

அத்தை: திதிக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கும்போது அதையும் சேர்த்து வையுங்கள்

அம்மா: 😄

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: பெரியப்பா, நாளைக்கே காலி பண்ணச் சொல்லிவிடுங்களேன். ப்ளீஸ்.

பெரியப்பா: சொல்லிவிடலாம் கண்ணு. அட்வான்ஸ் 2 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அதில் ஒன்று எங்கே இருக்கிறது என்று உன் அப்பாவைக் கேள்.

காலை 8:58

சென்னை அண்ணன்: யாருமே பேசவில்லை?

அம்மா: அது பந்தலுக்கும் கிடாய்க்கும் கொடுத்தாயிற்று.

அக்கா: என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை

அப்பா: நீ கேட்கவில்லை

நான்: 😐

பிற்பகல் 1:14

பெரியப்பா: குடோனுக்குப் போய் வந்தேன். மாப்பிள்ளை சொன்னது சரிதான். பின்பக்கம் தகரம் அடித்து உள்ளே மூன்று தொட்டி வைத்திருக்கிறான். பேப்பர் கேட்டேன், ஏற்பாடு பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்கிறான். 12ஆம் தேதி வரைக்கும் சாய வேலை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அம்மா: ரொம்ப நல்லதுங்க மாமா

சென்னை அண்ணன்: 👍

ஆர்.ஓ. மாமா: சந்தோஷம் மச்சான். 12 வரைக்கும் சரி, 13ஆம் தேதி? தொட்டித் தண்ணீரை லாரியில் ஏற்றி வேறு எங்காவது கவிழ்க்காமல் இருக்க வேண்டும். அனுமதி வாங்கின நிலையத்துக்குத்தான் போகிறதா என்று நான் வேண்டுமானால் அவனிடம் பேசுகிறேன்.

அத்தை: எங்கள் பக்கம் வராமல் இருந்தால் சரி

நான்: வாரியத்துக்கு ஒரு மனு எழுதி வைக்கட்டுமா?

பெரியம்மா: யார் பேரில் எழுதுவாய்

அப்பா: விசேஷம் முடியட்டும்டா.

அம்மா: பந்தல்காரர் கால் எங்கே ஊன்றுவது என்று கேட்கிறார். மேன்ஹோலை விட்டுத் தள்ளிப் போட்டால் பந்தியில் ஒரு வரிசை குறையும் என்கிறார். அப்புறம் கறி 35 கிலோ சொல்லவா 40 சொல்லவா?

சென்னை அண்ணன்: 40

அத்தை: நான் 11ஆம் தேதியே வந்துவிடுவேன். மேன்ஹோல் பக்கம் இலை போடாதீர்கள்

பெரியப்பா: 40 சொல்லிவிடு அம்மிணி. மாப்பிள்ளை, 13ஆம் தேதி பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம், இங்கே வேண்டாம்.