32 வயதுக்காரருக்கு 10 ஆண்டு ஒப்பந்தம்: யார் ஏமாளி?

கணக்குப்பிள்ளை:
ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்துவிட்டால் அமெரிக்க பேஸ்பாலில் சந்தை கூடிவிடும். முப்பதைத் தாண்டிய பெரிய பெயர்கள் ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்) ஆவார்கள், யாராவது ஒரு முதலாளி வருஷங்களை அள்ளி வீசுவார். எனக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஆல்பர்ட் பூஹோல்ஸ் ஞாபகம்தான் வரும். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி அவருக்கு 10 ஆண்டுக்கு 24 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த மாதமே அவருக்கு 32 வயது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் 11 சீசனில் 445 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து, 3 முறை எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருது வாங்கியவர். ஏஞ்சல்ஸில் அந்தப் பழைய ஆளைக் கண்ணிலேயே காணவில்லை. கூத்து என்னவென்றால், சம்பளம் மட்டும் ஏறுமுகம்: 2012ல் 1.2 கோடி, 2021ல் 3 கோடி! அந்தக் கடைசி ஆண்டு மே மாதமே வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்து ஆண்டில் பிளேஆஃப் ஒரே தடவை, 2014ல். அதிலும் கான்சாஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டமும் தோல்வி.

முப்பதைத் தாண்டியவருக்கு 3 ஆண்டுக்கு மேல் கூடாது. இதுதான் என் கட்சி.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
பூஹோல்ஸைத்தான் முதலில் இழுப்பீர்கள் என்று தெரியும். ஒரு சோறு பதம் பார்ப்பது சரி, ஆனால் வேகாத சோற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் எப்படி? மேக்ஸ் ஷெர்சருக்கு 30 வயதில், 2015 ஜனவரியில், வாஷிங்டன் நேஷனல்ஸ் 7 ஆண்டுக்கு 21 கோடி கொடுத்தது. 2016, 2017 இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான (பந்து வீசுகிறவர்) சை யங் விருது. 2019ல் உலகத் தொடர் கோப்பை, ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர் அவர்தான். ஃப்ரெடி ஃப்ரீமன் 32 வயதில் டாட்ஜர்ஸுக்குப் போனார், 6 ஆண்டு, 16.2 கோடி. 2024 உலகத் தொடர் முதல் ஆட்டத்தில் யாங்கீஸுக்கு எதிராகப் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த கிராண்ட் ஸ்லாமை (ஒரே அடியில் 4 ரன்) நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடைசி 2, 3 ஆண்டு தண்டம் என்று கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாதா? முதல் 4 ஆண்டு ஆட்டத்தின் விலையை 7 ஆண்டில் தவணையாகக் கட்டுகிறார்கள். வீட்டுக் கடன் மாதிரி.

கணக்குப்பிள்ளை:
வீட்டுக் கடன் முடிந்தால் வீடு மிஞ்சும். இங்கே மிஞ்சுவது தேய்ந்த முழங்கால். பணம் போனால்கூடப் பரவாயில்லை, இவ்வளவு கொடுத்துவிட்டோமே என்று தினமும் ஆட வைக்கிறார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை. பால்டிமோரில் கிறிஸ் டேவிஸுக்கு 2016ல் 7 ஆண்டு, 16.1 கோடி. 2018 கடைசியில் தொடங்கி 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை மட்டை பிடித்து ஒரு ஹிட்கூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் பத்தாவது முறையிலேயே உட்கார வைத்திருப்பார்கள்.

அதே பால்டிமோர் 2014ல் 33 வயது நெல்சன் க்ரூஸை ஒரே ஆண்டுக்கு 80 லட்சத்துக்குப் பிடித்தது. 40 ஹோம் ரன், அந்த ஆண்டில் அதுதான் அதிகம். வயதானவரை இப்படி வாங்க வேண்டும்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
அப்புறம் என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் நிறுத்திவிட்டீர்களே. சியாட்டில் அவருக்கு 4 ஆண்டு, 5.7 கோடி கொடுத்தது. 34 வயதில் போனவர் 44, 43, 39, 37 என்று 163 ஹோம் ரன் அடித்தார். அவரை விட்டுவிட்டு, ஓர் ஆண்டு கழித்து டேவிஸுக்கு 7 ஆண்டு எழுதிக் கொடுத்தது உங்கள் பால்டிமோர்! டேவிஸுக்கு அப்போது 29 வயது. உங்கள் சட்டப்படி அந்த ஒப்பந்தம் செல்லும், க்ரூஸுடையது செல்லாது.

இடதுகை:
இருவரும் வயதையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய ஆடம்பர வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வரிக்கு ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான் கணக்கு. சாண்டியாகோ 2022 டிசம்பரில் 30 வயது ஸாண்டர் போகார்ட்ஸுக்கு 11 ஆண்டு, 28 கோடி கொடுத்தது. 40 வயதில் அவர் ஷார்ட்ஸ்டாப்பில் (சுறுசுறுப்பாக ஓடிப் பந்து தடுக்க வேண்டிய இடம்) நிற்பார் என்று அவர்களே நம்பமாட்டார்கள். ஆனால் 7 ஆண்டுக்கு அதே பணம் என்றால் வரிக் கணக்கில் ஆண்டுக்கு 4 கோடி. பதினொன்றாக இழுத்ததால் சுமார் 2.55 கோடி.

இன்னொன்று. மேஜர் லீக்கில் 6 ஆண்டு சேவை முடிந்தால்தான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆக முடியும். முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான், 2025ல் அது 7.6 லட்சம். இருபத்தைந்து வயதில் உயிரைக் கொடுத்து ஆடுகிறவனுக்குச் சில்லறை, முப்பதில் மூட்டை. முன்பாதி லாபத்தை அணிகள் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு பின்பாதிக்கு மட்டும் அழுகின்றன. கணக்குப்பிள்ளை சார், உங்கள் 3 ஆண்டு சட்டத்தை எல்லா அணியும் சேர்ந்து அமல்படுத்தினால் என்ன ஆகும் தெரியுமா? 1980களில் முதலாளிகள் கிட்டத்தட்ட அதைத்தான் பேசி வைத்துச் செய்தார்கள். மாட்டிக்கொண்டு 1990ல் வீரர்களுக்கு 28 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
கூடிப் பேசச் சொல்லவில்லை. ஒவ்வொரு அணியும் தனித்தனியே புத்தியோடு இருக்கலாமே என்கிறேன். வரி விஷயம் சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் அது பணக்கார அணிகளின் கவலை, பிட்ஸ்பர்க் மாதிரி சிக்கன அணிக்கு அதனால் என்ன?

பூஹோல்ஸ் கதையின் மறுபக்கத்தையும் பாருங்கள். அவரை இழந்ததற்கு ஈடாக கார்டினல்ஸுக்கு ஏஞ்சல்ஸின் முதல் சுற்று டிராஃப்ட் (புது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) வாய்ப்பு கிடைத்தது. 2012ல் அதில் எடுத்த பையன் மைக்கேல் வாகா. 2013ல் தேசிய லீக் சாம்பியன்ஷிப் தொடரின் எம்விபி ஆகி, அணியை உலகத் தொடருக்குக் கொண்டுபோனான். 2022ல் 42 வயது பூஹோல்ஸ் அதே கார்டினல்ஸுக்கு 25 லட்சத்துக்குத் திரும்பி வந்து 24 ஹோம் ரன் அடித்தார், மொத்தம் 703. ஓர் ஆண்டு, 25 லட்சம். என் கணக்கில் இதைவிட நல்ல ஒப்பந்தம் கிடையாது.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
அது கணக்கில்லை, பாசம். சரி, ஜேக்கப் டிகிராமுக்கு என்ன சொல்கிறீர்கள்? 34 வயதில் டெக்சஸ் 5 ஆண்டு, 18.5 கோடி கொடுத்தது. 2023ல் 6 ஆட்டம் வீசிவிட்டு முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார். உங்கள் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். 2025ல் 30 ஆட்டம் தொடங்கி ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 2.97. நீங்கள் சொல்கிற 3 ஆண்டு கொடுத்திருந்தால் அந்த மூன்றாவது ஆண்டோடு கைவிட்டுப் போயிருப்பார்.

கணக்குப்பிள்ளை:
மூன்றில் ஒன்று தேறியதைக் காட்டி இன்னும் இரண்டு கேட்கிறீர்கள். போகட்டும், பிட்சருக்கு மட்டும் 4 வரை வருகிறேன்.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
5.

கணக்குப்பிள்ளை:
4. ஐந்தாவது ஆண்டு அணியின் விருப்பம்.