கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிநாடு: போகலாமா, தள்ளிப்போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள் (வந்த பதில்கள் கீழே)

டிசம்பர் 20க்கும் ஜனவரி 3க்கும் நடுவில் கிளம்ப நினைப்பவர்கள் டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன், போகிற ஊரில் 24, 25, 26 தேதிகளில் எது திறந்திருக்கும் என்று பாருங்கள். லண்டனில் 25ஆம் தேதி பாதாள ரயிலும் ஓடாது, பேருந்தும் ஓடாது. 26இல் வெளியூர் ரயில்கள் மிகச் சில தடங்களில்தான். அன்றைக்கு விமான நிலையம் போக வேண்டியிருந்தால் டாக்சியை முன்பே பதிந்துவைக்க வேண்டும். பிரிட்டிஷ் மியூசியம் 24 முதல் 26 வரை மூடல். வத்திக்கான் மியூசியம் 25, 26 இரண்டு நாளும் இல்லை. பாரிஸில் லூவர் மியூசியம் 25 அன்று மூடல். அதற்கு வார விடுமுறை செவ்வாய் என்பதால் 25 திங்களிலோ புதனிலோ விழுந்தால் அடுத்தடுத்து இரண்டு நாள் போச்சு.

ஜெர்மனியில் இன்னும் கடினம். 24 மதியத்துக்குமேல் கடைகள் மூடினால் 27 காலைதான் திறக்கும். 27 ஞாயிறாக அமைந்தால் அன்றைக்கும் கிடையாது. குழந்தைக்குப் பால் பவுடர், மருந்து எல்லாம் 24 காலைக்குள் கையில் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கவே போகிறவர்கள் 25க்குப் போய் இறங்குவதுதான் பெரிய கூத்து. பெரும்பாலான சந்தைகள் 23, 24இலேயே முடிந்துவிடும். அதற்காகத்தான் பயணம் என்றால் டிசம்பர் முதல் இரண்டு வாரம் சரி. கூட்டமும் கொஞ்சம் குறைவு.

*

மேலே சொன்னது மேற்கு ஐரோப்பாவுக்கு. ஜப்பானில் 25 சாதாரண வேலை நாள். அங்கே எல்லாம் முடங்குவது டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை. செர்பியா, ஜார்ஜியா, எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸே ஜனவரி 7. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஜனவரி 6 பொது விடுமுறை. "புத்தாண்டு முடிந்ததும் போனால் நிம்மதி" என்கிற கணக்கு அங்கே 7ஆம் தேதிக்குப் பிறகுதான் பலிக்கும்.

பருவநிலையையும் சேர்த்துப் பாருங்கள். தாய்லாந்தில் புக்கெட் பக்கம் டிசம்பர் நல்ல வெயில்; கோ சாமுய் பக்கம் மழை முழுதாக ஓய்ந்திருக்காது. மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங்கில் அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பால் பெரும்பாலான விடுதிகளே மூடியிருக்கும். இலங்கையில் தெற்கு, மேற்குக் கரை போகலாம், கிழக்குக் கரை வேண்டாம். நார்வேயின் டுரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. துருவ ஒளிக்கு அது வசதி, சிறு பிள்ளைகளோடு ஊர் சுற்றுவதற்கு அல்ல.

*

பனியால் விமானம் ரத்தாவது ஜனவரி, பிப்ரவரியிலும் நடப்பதுதான். கிறிஸ்துமஸில் ரத்தானால் வேதனை அதிகம், காரணம் வேறு விமானத்தில் இருக்கை கிடையாது. மற்ற நாளில் அடுத்த விமானத்தில் பத்து இருபது காலி இருக்கைகள் இருக்கும். 22, 23 தேதிகளில் எல்லாமே நிரம்பியிருப்பதால் மறுபதிவுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். கப்பல் பயணமோ குழுச் சுற்றுலாவோ இருந்தால் இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து மலிவாகச் சேர்ப்பதை இந்தச் சமயத்தில் மட்டும் செய்யாதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த டிக்கெட்டில் நீங்கள் வராதவர் ஆகிவிடுவதால், அதிலேயே இருக்கும் திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகும். ஒரே பதிவு எண்ணில், இணைப்புக்கு மூன்று மணி நேரமாவது விட்டு எடுங்கள். முடிந்தால் அன்றைய முதல் விமானம்: ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து தடவை பறக்கும், காலையில் விழும் தாமதம் மாலைக்குள் பெருத்துவிடும். விமானத்தின் மேல் படிந்த பனியைக் கரைக்கும் திரவம் தெளிக்க விமானங்கள் வரிசையில் நின்றால் அதிலேயே ஒரு மணி நேரம் போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் என்றால், பனிக்காக நஷ்டஈடு கிடைக்காவிட்டாலும் காத்திருக்கும் நேரத்துச் சாப்பாடும் இரவு தங்கும் இடமும் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. கவுண்டரில் கேட்டு வாங்குங்கள். அவர்களால் ஏற்பாடு செய்ய முடியாமல் நீங்களே செலவழித்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

*

ஒரு சின்ன விஷயம். பரிசுப் பொருளைக் காகிதம் சுற்றி எடுத்துப்போகாதீர்கள், சோதனையில் பிரிக்கச் சொல்லலாம். குலுக்கினால் பனி கொட்டுவதுபோல் தெரியும் கண்ணாடி உருண்டை பொம்மைக்குள் இருப்பதும் திரவம்தான். பெரியதைக் கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள், பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர் எதிர், கைப்பையில் மட்டும்.

*

விசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல 15 நாள், சில சமயம் 45 நாள்வரை எடுத்துக்கொள்வார்கள். இதோடு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. கிறிஸ்துமஸ் பயணத்துக்கு செப்டம்பரில் கொடுப்பது நிதானம். நவம்பர் நடுவில் விழித்தால் விசா தேவையில்லாத நாடு பார்ப்பது மேல். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். ஆசியாவில் பல நாடுகள் 6 மாதம் கேட்கும்.

காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பது விசாவுக்கான விதி, அது மருத்துவத்துக்குத்தான். பயணம் ரத்தானால் பணம் திரும்ப வர வேண்டுமென்றால் அந்தப் பிரிவும் உள்ள பாலிசியை டிக்கெட் எடுத்த அன்றே வாங்க வேண்டும். பனிச்சறுக்கு அநேகமாகத் தனிக் கட்டணம்.

ஓட்டல் பதியும்போது இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, 24 அல்லது 31 இரவு விருந்து கட்டாயமா என்பது. கடற்கரை விடுதிகள் பலவற்றில் அது ஆளுக்கு இவ்வளவு என்று அறை வாடகைக்கு மேல் வரும். மற்றொன்று ரத்து விதி. வழக்கமாக ஒரு நாள் முன்புவரை இலவசமாக ரத்து செய்யவிடும் இடமே இந்த வாரங்களுக்கு மட்டும் ஒரு மாதம் முன்பே முழுத் தொகையையும் பிடித்துக்கொள்ளும். விசா வராமல் இந்த அறைகளுக்குப் பணம் கட்டாதீர்கள்.