வயற்காவல் கைநூலுக்கு ஒரு சொல்: தேர்மல் மொனோகுலரைத் தமிழில் என்னென்று எழுதுவது?

மடல் 1: முத்தையன்கட்டிலிருந்து

வணக்கம். வயற்காவலுக்குத் தேர்மல் மொனோகுலர் (உடற்சூட்டைப் படமாக்கும் ஒருகண் கருவி) தெரிவுசெய்வது பற்றிய கைநூல் அச்சுக்குப் போக இருக்கிறது. காலபோக நெல் குடலைக்கு (கதிர் பொதிக்கும் பருவத்துக்கு) வருமுன் அது வன்னிக் கமக்காரர் கையில் இருக்கவேண்டும். வரைவில் இந்தக் கருவியை "இரவுநோக்கி" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லோடு அச்சடிக்க வேண்டாம்.

கடையில் "நைற் விஷன்" என்று விற்கிற சாமான் வேறு. அது இருக்கிற சொற்ப வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும். அல்லது தானே ஒரு செந்நிறக்கீழ் விளக்கைப் போட்டு, தெறித்து வருகிற ஒளியைப் பார்க்கும். நாங்கள் எழுதுகிற கருவிக்கு வெளிச்சமே தேவையில்லை. யானை, பண்டி (பன்றி), மனிசர் எல்லாருடைய உடம்பும் தானாக விடுகிற 8 முதல் 14 மைக்குறோமீற்றர் அலைநீளக் கதிரை வாங்கி, எது சூடு, எது குளிர் என்று படமாக்குகிறது. பகலிலும் வேலை செய்யும். விளக்குப் பூட்டிய கருவியில் தூறலும் புகாரும் வெள்ளையாய்த் தெறிக்கும். முன்னுக்கு நிற்கிற பற்றையின் இலைகள் பளிச்சிட்டு, பின்னுக்கு நிற்கிற யானையை மறைக்கும். "இரவுநோக்கி" என்று கேட்டுப் போகிறவருக்குக் கடைக்காரர் அதைக் கொடுத்தால் பிழை எங்கள் சொல்லில்தான்.

"வெப்பநோக்கி" என்று முன்மொழிகிறேன். கருவியின் குறிப்புத் தாளில் வருகிற மூன்று தூர அளவுகளுக்கும் சொல் வேண்டும்.

மடல் 2: கிளிநொச்சியிலிருந்து

ஐயா, "இரவு" வேண்டாம் என்பதில் முழு உடன்பாடு. ஆனால் "நோக்கி" எங்கள் பிள்ளைகளின் பாடநூல் வழக்கு இல்லை. தமிழ்நாட்டில் நுண்ணோக்கி, தொலைநோக்கி. இங்கே நுணுக்குக்காட்டி, தொலைகாட்டி. கைநூலை வீட்டில் வாசித்துச் சொல்லப்போவது பத்தாம் வகுப்புப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த "காட்டி"யிலேயே முடிப்போம்.

"வெப்பகாட்டி" என்று மட்டும் வைத்தாலும் இடறும். இரசாயனவியலில் "காட்டி" என்றால் நிறம் மாறுகிற பொருள். அதோடு காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியின் தம்பி போலவும் ஒலிக்கும், பாகை எத்தனை என்று கேட்பார்கள். இந்தக் கருவிகளில் அநேகமானவை பாகையை அளந்து தருவதில்லை, வேறுபாட்டைத்தான் காட்டுகின்றன. "சூடுகாட்டி" என்று யாராவது சொல்லுமுன் அதையும் தள்ளிவிடுகிறேன். வன்னியில் சூடு என்றால் அரிவு வெட்டி வைத்த நெற்சூடு. துவக்குச் சூடும் சூடுதான். யானைக் காவலுக்கான கருவியில் அந்த இரண்டாவது பொருள் ஒட்டவே கூடாது.

என் முன்மொழிவு: வெப்பவிம்பங்காட்டி. விம்பம் பௌதிகவியல் பாடத்தில் உள்ள சொல்.

மடல் 3: ஒட்டுசுட்டானிலிருந்து

ரீச்சர், விம்பம் பள்ளிக்கூடத்தில் சரி. பரணில் இருக்கிறவர் பக்கத்துப் பரணுக்குக் கூப்பிட்டுச் சொல்வது "அலைகரைப் பக்கம் ஒரு உரு தெரியுது" என்றுதான். எருமையோ, யானையோ, ஆளோ என்று தெரியாத நிலைக்கு எங்களிடம் ஏற்கெனவே உள்ள சொல் அது. கருவி முதலில் காட்டுவதும் அதைத்தான்: காது, தும்பிக்கை ஒன்றும் இல்லாத வெள்ளைக் குவியல்.

வெப்பவுரு: படத்துக்கு. வெப்பவுருக்காட்டி: கருவிக்கு. ஒரு கண்ணால் பார்ப்பது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் "ஒருகண்" என்று முன்னுக்குச் சேர்க்கலாம்.

மடல் 4: கிளிநொச்சியிலிருந்து

"உரு" என்னுடைய விம்பத்தைவிட நல்லது. ஏற்கிறேன். நடுவில் வருகிற "க்" என்ற ஒற்றெழுத்தை மட்டும் எடுத்துவிடுவோம். உருவைக் காட்டுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை; திசைகாட்டி, வழிகாட்டி, தொலைகாட்டி போல வல்லினம் மிகாது. நுணுக்குக்காட்டியில் மிகுவது "நுணுக்கு" வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால். "உரு" அப்படியல்ல. ஒற்றுப் போட்டால் "உருக்கு" என்று காதில் விழும். வெப்பத்தோடு சேர்ந்தால் இரும்பு உருக்குகிற உலை என்றே நினைப்பார்கள். ஆக, வெப்பவுருகாட்டி.

மடல் 5: முத்தையன்கட்டிலிருந்து

வெப்பவுருகாட்டி என்றே மாற்றிவிட்டேன். இனித் தூரச் சொற்கள். காசு வீணாவது இங்கேதான், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

பெட்டியில் பெரிதாய் அச்சடித்திருக்கும் "டிற்றெக்ஷன் ரேஞ்" என்பது, அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிகிற தூரம். 1958-இல் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடத்தில் ஜோன் ஜோன்சன் வகுத்த அளவுகோலின்படி அதற்கு உருவின் குறுக்கே 2 படப்புள்ளி (பிக்சல்) போதும். என்ன இனம் என்று சொல்ல ஏறக்குறைய 8 வேண்டும், இன்னது என்று தீர்க்கமாய்ச் சொல்ல 13. அந்த எண்ணிக்கை இருந்தாலும் பார்ப்பவர் சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். இந்த மூன்றுக்கும் "கண்டறிதல், இனங்காணல், அடையாளங்காணல்" என்று வரைவில் இருக்கிறது. பரணில் மூன்றும் ஒன்றாகவே கேட்கும். ஒட்டுசுட்டான் தம்பியின் சொல்லிலிருந்தே எடுக்கிறேன்: உருத்தெரி தூரம், இனந்தெரி தூரம், ஆள்தெரி தூரம்.

கணக்கு இப்படி. உணரியின் (வில்லைக்குப் பின்னால் கதிரை வாங்குகிற தகட்டின்) படப்புள்ளி 12 மைக்குறோமீற்றர், வில்லையின் குவியத் தூரம் 25 மில்லிமீற்றர் என்றால், 100 மீற்றரில் ஒரு படப்புள்ளி 4.8 சென்ரிமீற்றரை மூடும். தோள் உயரம் 2.4 மீற்றர் உள்ள யானைக்கு உருத்தெரி தூரம் 2,500 மீற்றர், இனந்தெரி தூரம் 625, ஆள்தெரி தூரம் 385. 70 சென்ரிமீற்றர் உயரப் பண்டிக்கு 729, 182, 112. இது தெளிந்த காற்றுக்குரிய கணக்கு, ஈரக்காற்றில் இன்னும் குறையும். இரண்டரைக் கிலோமீற்றர் என்று நம்பி வாங்கினால், யானையா பட்டிமாடா என்று சொல்லக்கூடிய தூரம் அதில் கால்வாசிதான். கைநூலில் இனந்தெரி தூரத்தைத்தான் தடித்த எழுத்தில் போடவேண்டும்.

இதற்காகப் பெரிய வில்லையை எடுக்கலாமோ என்றால், அகலம் போய்விடும். 384×288 படப்புள்ளி உள்ள உணரியில் 25 மில்லிமீற்றர் வில்லை 100 மீற்றரில் 18.4 மீற்றர் அகலம் காட்டும். 35 மில்லிமீற்றர் 13.2 மீற்றர்தான். 15 மில்லிமீற்றர் 30.7 மீற்றர் காட்டும், ஆனால் இனந்தெரி தூரம் யானைக்கு 375 மீற்றராய்ச் சுருங்கும். குளக்கட்டில் நின்று வயல்வெளியை மேய்கிறவருக்கு 25 பொருந்தும். காட்டோரம் 150 மீற்றருக்குள் பற்றை தட்டுகிற காணியில் 15 போதும், காசும் மிச்சம். எண்முறை உருப்பெருக்கத்துக்கு (டிஜிற்றல் சூம்) ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். அது இருக்கிற புள்ளியைப் பெரிதாக்குமே தவிரப் புதுப் புள்ளி தராது.

"என்.ஈ.ரி.டி." என்ற அளவுக்கு "வெப்ப நுண்ணுணர்வு" என்று இருந்தது. உணர்வு என்றால் கூடினால் நல்லது என்று எண்ணுவார்கள். இங்கே எண் குறைந்தால்தான் நல்லது. "மிகச்சிறு வெப்ப வேறுபாடு" என்று எழுதுவோம். 40 மில்லிகெல்வின் என்றால் 0.04 பாகை வேறுபாடு வரை பிரிக்கும். மாரியில் எல்லாம் நனைந்து ஒரே குளிராய்க் கிடக்கும்போது 25-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். படமாறு வீதம் செக்கனுக்கு 9 படம் என்றால் ஓடுகிற பண்டி தத்தித் தத்திப் பாயும். 25-க்குக் குறையாமல் எடுங்கள்.

மடல் 6: நெடுங்கேணியிலிருந்து

"உரு" பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கருவி காட்டுவது பொருளின் உண்மைச் சூட்டை அல்ல, அந்த முகத்திலிருந்து வருகிற கதிரை. தகரக் கூரை கதிரைக் குறைவாய் விட்டு வானத்தின் குளிரைத் தெறிக்கவைப்பதால், கொட்டில் கன்னங்கரேலென்று தெரியும். சேற்றில் புரண்டு வந்த யானையின் விலா மங்கலாய் இருக்கும், தலைப்பக்கம் மட்டும் வெளிக்கும். பொழுதுபட்டு ஒன்றிரண்டு மணித்தியாலம் குளக்கட்டுக் கல்லும் துருசு (மதகு)ச் சீமெந்தும் பகல் வெயிலை வைத்திருந்து வெள்ளையாய் நிற்கும். அந்த நேரம் கல்லும் மாடும் ஒன்றுபோலிருக்கும். அசைவைப் பார்த்துத்தான் சொல்லலாம். நடுச்சாமத்துக்குப் பிறகு நிலம் ஆறினால் உரு வெட்டினதுபோல் தெரியும். வாகனக் கண்ணாடிக்குள்ளால் ஒன்றுமே தெரியாது, சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. கருவியின் முன்வில்லை ஜேர்மானியத்தில் செய்வது அதனால்தான்.

"படம் மங்கல்" என்று திருப்பிக் கொடுக்கிறவர்களில் பலர் கண் சரிப்படுத்தாதவர்கள். முன்வில்லையின் மூடியைக் கழற்றாமல் திரையில் வருகிற பட்டியல் (மெனு) எழுத்தைப் பார்த்து, அது கூர்மையாகும்வரை கண்பக்க வளையத்தைத் திருப்பவேண்டும். பிறகுதான் முன்வில்லையின் வளையம். இடைக்கிடை "டிக்" என்று சத்தம் கேட்டுப் படம் ஒரு கணம் நிற்பதும் பழுதல்ல. உணரியின் புள்ளிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர உள்ளே ஒரு தகடு மூடித் திறக்கிறது. இதற்குச் "சமன்செய்தல்" என்று போடுங்கோ. சூரியனை நோக்கித் திறந்து வைத்தால் உணரியில் நிரந்தரத் தழும்பு விழும், பகலில் மூடி போட்டே வையுங்கோ. வில்லையைச் சாரம், சட்டைத் தலைப்பால் துடைத்தால் மேற்பூச்சுக் கீறும். முதலில் ஊதித் தூசை அகற்றவேண்டும். கருவிக்குப் போடுகிற 18650 என்ற உருளைப் பற்றரி வாங்கும்போது நீளத்தையும் பாருங்கோ. பாதுகாப்புச் சுற்றுப் பூட்டியது 65 மில்லிமீற்றரைவிடச் சில மில்லிமீற்றர் நீளம், சில கருவிகளின் மூடி பூட்டாது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்கள் காசு கட்டுமுன் இறக்குமதி அனுமதி பற்றிச் சுங்கத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

மடல் 7: முத்தையன்கட்டிலிருந்து

அச்சுக்குப் போகிற பதிவு இது:

வெப்பவுருகாட்டி: உயிர்களும் பொருட்களும் விடுகிற வெப்பக் கதிரைக் கொண்டு அவற்றின் உருவைத் திரையில் காட்டும் கருவி. இருட்டிலும் வெளிச்சத்திலும் இயங்கும். வெப்பநிலை அளப்பதற்கானதல்ல. பேச்சில் "உருகாட்டி". கடையில் கேட்கும்போது "தேர்மல்" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லவும். "நைற் விஷன்" என்று கேட்கவேண்டாம்.