ஆம்ப் கெட்டுப்போகவில்லை, ஓம் கணக்குதான் தப்பு: நம்ம பக்கத்து வண்டிகளில் பார்த்தவை

கிருஷ்ணகிரியில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன், ஆடியோ ஃபிட்டிங்கும் உண்டு. "ஆம்ப் ரெட் லைட் போட்டு நின்றுவிடுகிறது, வேறு வாங்கலாமா" என்று கேட்டு வருகிறவர்களின் வண்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஆம்பில், அதாவது ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையரில், ஒரு குறையும் இருக்காது. பேஸ் மட்டும் பாடும் பெரிய ஸ்பீக்கரான சப்பை (சப்வூஃபர்) இணைத்த விதத்தில்தான் குறை இருக்கும். நல்ல ஆம்பைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள், அதுவும் அதே மாதிரி நிற்கிறது. பார்க்கவே வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே எழுதுங்கள்.

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணனின் பொலிரோ. பின்னால் 12 இஞ்ச் சப் இரண்டு, ஒரே சேனல் உள்ள மோனோபிளாக் ஆம்ப் ஒன்று. வாசலில் நிறுத்திப் பாட்டுப் போட்டால் அருமையாகப் பாடும். சத்தத்தை ஏற்றிக்கொண்டு பர்கூர் வரை போனால் போதும், ப்ரொடெக்ட் லைட் எரிந்து பேஸ் நின்றுவிடும், கொஞ்ச நேரம் ஆறினால் திரும்ப வரும். வாங்கிய கடையில் ஆம்பையே மாற்றிக் கொடுத்தும் இதே கதை. ஆம்பின் மேல் குறைந்தபட்சம் 2 ஓம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கும் அளவு, அதற்குக் கீழே போகக் கூடாது. சப் இரண்டும் டூயல் வாய்ஸ் காயில், அதாவது ஒரே சப்புக்குள் இரண்டு கம்பிச் சுருள், காயில் ஒவ்வொன்றும் 4 ஓம். அவர் என்னிடம் சொன்ன கணக்கு இது: "தம்பி, ஒரு சப்பில் ரெண்டு காயிலையும் பேரலல் போட்டா 2 ஓம். ரெண்டு சப்பையும் தனித்தனி டெர்மினல்லதான் கொடுத்திருக்கு. அப்புறம் எப்படித் தப்பாகும்?"

அவர் சொன்னதில் முதல் பாதி சரி, பேரலல் என்றால் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ப்பது, ஒரே அளவு காயில் இரண்டு என்றால் ஓம் பாதியாகும். ஆனால் மோனோபிளாக்கில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர் டெர்மினல் இருந்தாலும் சேனல் ஒன்றுதான், அந்த இரண்டு ஜோடியும் உள்ளே ஒன்றாகவே சேர்ந்திருக்கும், வயர் மாட்ட வசதிக்காகத்தான் இரண்டாக விட்டிருக்கிறார்கள். அதனால் 2 ஓமும் 2 ஓமும் பேரலலாகி ஆம்புக்குத் தெரிவது 1 ஓம். ஓம் பாதியானால் அதே வோல்ட்டுக்கு கரண்ட் இரண்டு மடங்கு ஓடும், அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறும், ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கும். மெதுவாகப் பாடும்போது ஒன்றும் ஆகாமல் சத்தம் ஏற்றினால் மட்டும் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஒவ்வொரு சப்பின் இரண்டு காயிலையும் சீரீஸாக்கி, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, 8 ஓம் ஆக்கினேன், அந்த இரண்டு 8-ஐயும் பேரலலில் கொடுத்தால் 4 ஓம். அந்த நான்கு காயிலை வைத்து 1, 4, 16 ஓம் எடுக்கலாம், சமமாக 2 ஓம் எடுக்க வழியே இல்லை. இதைச் சப் வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும், 2 ஓம் ஆம்புக்குக் காயில் 2 ஓம் உள்ள டூயல் சப் இரண்டு வாங்கியிருந்தால் சரியாக 2 ஓமில் நின்றிருக்கும். "4 ஓம்னா சத்தம் குறைஞ்சிடுமே" என்று அண்ணனுக்குக் கவலை. 2 ஓமோடு ஒப்பிட்டால் பவர் பாதியாகக் குறைந்தாலும் சத்தத்தில் இறங்குவது 3 டெசிபல்தான், காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் அதைப் பற்றித் திரும்பப் பேசவே இல்லை.

இன்னொன்று, நாலு சேனல் ஆம்பின் பின் இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்து, அதாவது இரண்டையும் ஒரே சப்புக்குச் சேர்த்து, ஓட்டுவது. நம்ம ஊரில் இதுதான் அதிகம், செலவு குறைவு. பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலுக்கும் தெரிவது சப்பின் ஓமில் பாதி. 4 ஓம் சப் என்றால் சேனலுக்கு 2 ஓம். அதனால் ஸ்டீரியோவில் 2 ஓம் தாங்கும் ஆம்ப் பிரிட்ஜில் 4 ஓம் வரைதான் தாங்கும். ஒரு ஆம்னியில் காயில் 2 ஓம் உள்ள டூயல் சப்பைப் பேரலல் போட்டு 1 ஓமாக பிரிட்ஜில் கொடுத்திருந்தார்கள், சேனலுக்கு அரை ஓம். ப்ரொடெக்ட் வருவதற்குள் உள்ளே கருகிவிட்டது, வண்டி முழுக்க வாடை. அதே சப்பை சீரீஸில் போட்டிருந்தால் 4 ஓம், எத்தனை வருஷமானாலும் ஓடியிருக்கும்.

ஆகவே எந்த ஆம்பிலும் மாட்டும் முன் ஸ்பீக்கர் வயரின் நுனியில் மல்டிமீட்டர் வையுங்கள். 200 ஓம் ரேஞ்ச், முதலில் இரண்டு ப்ரோபையும் ஒட்டவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள், மலிவு மீட்டரில் அதுவே கால் ஓம், அரை ஓம் காட்டும். மீட்டர் காட்டுவது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ், அது எழுதியிருக்கும் ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 4 ஓம் காயில் 3.2 முதல் 3.8 வரை காட்டினால் நல்ல காயில். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

ஓசூரிலிருந்து ஒரு உறுப்பினர்:

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் போய் சப் வாங்குகிறவர்கள் ஆம்பின் மாடல் எண்ணை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே ஒரே சப் 2 ஓம் காயில், 4 ஓம் காயில் என்று இரண்டு வகையில் கிடைக்கும், பெட்டியைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கையில் வருவதைக் கொடுத்துவிடுவார்கள். ஓம் பார்க்காமல் வாங்கிவந்து திருப்பிக் கொடுக்க அத்திப்பள்ளி தாண்டி அந்த டிராஃபிக்கில் மறுபடி போனவர்களை எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. கம்பெனியில் கூட வேலை செய்யும் நண்பரின் காரில் ஓம் எல்லாம் சரி, மீட்டர் 4-க்குப் பக்கம் காட்டுகிறது, ஆனால் பேஸே இல்லை. ஆம்பை ஏற்றினால் சப் சூடாகிறது, கோன் (சப்பின் முன்னால் அசையும் கூம்பு) அசையக்கூட இல்லை. சீரீஸ் போட்டவர் இரண்டாவது காயிலின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு காயில் வெளியே தள்ள, இன்னொன்று உள்ளே இழுக்கிறது. மீட்டருக்கு இது தெரியாது, ஓம் ஒன்றேதான் வரும். சரியான முறை: ஆம்ப் பிளஸ் முதல் காயிலின் பிளஸுக்கு, முதல் காயிலின் மைனஸ் இரண்டாவதின் பிளஸுக்கு, இரண்டாவதின் மைனஸ் ஆம்ப் மைனஸுக்கு. டெர்மினலில் குறி அழிந்திருந்தால் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்றைக் காயிலில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட பக்கம்தான் காயிலின் பிளஸ்.

தருமபுரியிலிருந்து:

வேலைக்காகச் சேலம் போய் ராத்திரிதான் திரும்புவேன். தொப்பூர் கணவாயில் பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கும், அந்த வளைவில் லாரிகளுக்கு நடுவே அது விளையாட்டு இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 ஓமில் 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய பவர்) தரும் கிளாஸ் டி ஆம்ப் (குறைவாகச் சூடாகும் வகை), நூற்றுக்கு எண்பது திறன் என்று வைத்தால்கூட 625 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் 45 ஆம்பியர். பாட்டு தொடர்ந்து அப்படி இழுக்காது, பேஸ் அடிக்கும் நொடியில் இழுக்கும். சின்ன காரின் ஆல்டர்னேட்டர் ஏசி, லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாவற்றையும் தாங்கியது போக இதற்கு என்ன மிச்சம் இருக்கும்? வயரும் செம்பு இல்லை, செம்பு முலாம் பூசிய அலுமினியம், சுரண்டினால் உள்ளே வெள்ளை. 4 கேஜ் தடிமனில் நல்ல செம்பு வயர் போட்டு, எர்த்தை பெயின்ட் சுரண்டிய பாடியில் இறுக்கி, சப்பை 4 ஓமுக்கு மாற்றிய பிறகு லைட் மங்குவது நின்றது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வைக்க மறக்காதீர்கள், அது இல்லாத வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

லாரி வைத்திருக்கும் ஒரு உறுப்பினர்:

லாரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம்முடையது 24 வோல்ட், இரண்டு பேட்டரி சீரீஸ். கார் ஆம்ப் 12 வோல்ட். பாதிப் பேர் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுத்து ஆம்புக்குக் கொடுக்கிறார்கள். அந்த பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், ஆல்டர்னேட்டருக்கு மொத்த வோல்ட் மட்டும்தான் தெரியும் என்பதால் மற்றதை அளவுக்கு மீறி ஏற்றும். கடைசியில் இரண்டும் போய், செல்ஃப் அடிக்காமல் டோல்கேட் பக்கம் நிற்க வேண்டியதுதான். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். 20 ஆம்பியர் கன்வெர்ட்டர் என்றால் 200 வாட் ஆர்.எம்.எஸ். பக்கம்தான் தாங்கும், அதற்கு 4 ஓமில் ஒரு சப் போதும், கேபினே சின்ன இடம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி:

அண்ணா, என் சப் டூயல் 4 ஓம். பிரிட்ஜில் 4 ஓம்தான் ஆகும் என்கிறீர்கள். பேரலல் 2, சீரீஸ் 8. ஒரு காயிலை மட்டும் கொடுத்து இன்னொன்றைச் சும்மா விட்டால் 4 ஓம் கிடைக்குமே, செய்யலாமா?

பதில்:

தம்பி, பாடும், ஆனால் செய்யாதே. ஒரு காயிலே முழுச் சூட்டையும் வாங்கும், சப் தாங்கும் பவர் பாதியாகிவிடும். கோனைப் பிடித்து நிறுத்தும் விசையும் குறைவதால் பேஸ் கொழகொழவென்று வரும், உன் பெட்டி அளவுக்கும் பொருந்தாது. சீரீஸில் 8 ஓமாகப் போடு, பவர் குறைந்தாலும் ஆம்புக்கும் சப்புக்கும் ஆபத்து இல்லை. அதுவும் போதவில்லை என்றால் 2 ஓம் தாங்கும் சின்ன மோனோபிளாக் பார்த்துக்கொள்ளலாம், உன் சப் பேரலலில் அதற்குச் சரியாகப் பொருந்தும். அந்த ஆம்பில் கெயினை, அதாவது செட்டிலிருந்து வருவதை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் திருகை, காதால் வைக்காதே. வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடு: 250 வாட், 2 ஓம் என்றால் 22.4 வோல்ட். சப்பைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓடவிட்டு, செட்டின் வால்யூமை நீ அதிகபட்சம் வைக்கும் அளவில் வைத்து, மல்டிமீட்டர் ஏசி ரேஞ்சில் அந்த எண் வரும் வரை திருப்பு. இப்போது இருக்கும் ஆம்பின் மாடல் எண்ணை எழுது, எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.