ஹியூபர்ட் சம்லின் கிடார் கேட்டிருக்கீங்களா?

கேள்வி:
ஒரு வாரமா அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ஹவுலின் உல்ஃப் பாட்டுதான் ஓடிட்டிருக்கு. குரல் மிரட்டுது, ஆனா என் காது என்னமோ கூட வர்ற கிடார் பின்னாடியே போகுது, அதுவும் 1964ல வந்த 'கில்லிங் ஃப்ளோர்'ல. தேடினா ஹியூபர்ட் சம்லின்னு பேர் வந்துச்சு, 2011ல இறந்துட்டாராம். நம்மாளுங்க கிடார்னா பி.பி. கிங், க்ளாப்டனோட நிறுத்திடுறாங்க, இவரப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பதில்:
இவரப் பத்தி கேக்க ஒருத்தராவது வந்தீங்களே, சந்தோஷம் ப்ரோ. மிசிசிப்பில 1931ல பொறந்தவர். சின்னப் பையன்னு உல்ஃப் வாசிக்கிற எடத்துக்குள்ள விடலயாம், வெளிய பெட்டிய அடுக்கி மேல ஏறி ஜன்னல் வழியா பாத்தப்போ சரிஞ்சு உள்ள மேடையிலயே விழுந்துட்டேன்னு அவரே சொல்லிருக்கார். 1954ல உல்ஃப் சிகாகோவுக்கு கூப்பிட்டுக்கிட்டார், நடுவுல கொஞ்ச நாள் இன்னொரு ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ்கிட்ட போனது தவிர 1976ல உல்ஃப் சாகற வரைக்கும் அவர் கூடவேதான். 1963ல வந்த உல்ஃப் பாட்டு 'ஹிடன் சார்ம்ஸ்'ல இவர் தனியா வாசிக்கிற சோலோவ மொதல்ல கேளுங்க.

பதில்:
பிக் (கம்பிய மீட்டுற சின்ன வில்லை) விஷயத்த விட்டுட்டீங்களே. பிக்க தூக்கிப் போடுன்னு உல்ஃப் சொன்னதுக்கப்புறம்தான் வெறும் விரல்ல வாசிக்க ஆரம்பிச்சார். 'கில்லிங் ஃப்ளோர்'ல திரும்பத் திரும்ப வர்ற அந்த கிடார் ரிஃப்ப நான் பிக்லயே மாசக்கணக்கா தட்டிட்டிருந்தேன், நோட்டெல்லாம் சரி, ஆனா உயிர் இல்ல. ஒருநாள் பிக்க வெச்சுட்டு ஆள்காட்டி விரல் சதையால கம்பிய இழுத்து விட்டேன், ஒரு நோட்டு கனமா விழுது, அடுத்தது பாதில முழுங்குது, அப்பதான் கொஞ்சமாச்சும் கிட்ட வந்துச்சு.

பதில்:
யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல முடியாதுங்க. 1967 மான்டரே இசை விழாவுல கிடாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஆரம்பிச்சதே 'கில்லிங் ஃப்ளோர்'தான். சம்லின் இறுதிச் சடங்கு செலவ ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாக்கரும் கீத் ரிச்சர்ட்ஸும்தான் ஏத்துக்கிட்டாங்க.

பதில்:
வாசிக்கிறவங்களுக்கு தெரியும்ங்க, கேக்குறவங்களுக்கு தெரியல, எனக்கு ஆத்தாமையே அதுதான். பக்கவாத்தியக்காரர்னாலே போஸ்டர்ல பேர் கிடையாது. நாலு தடவ கிராமிக்கு நாமினேட் ஆனார், ஒண்ணு கூட குடுக்கல.

கேட்டவர்:
'ஹிடன் சார்ம்ஸ்' இப்பதான் கேட்டேன், உல்ஃப் பாட்ட நிறுத்தின உடனே பாஞ்சு வர்றார் பாருங்க, அந்த எடத்த மட்டும் அஞ்சாறு தடவ ஓட்டிட்டேன். அடுத்து 'ஸ்பூன்ஃபுல்', இந்தத் தடவ கிடார மட்டும் பிடிச்சுக்கிட்டே போகப் போறேன்.