புருஸ்கெட்டா நமத்துப் போவது தக்காளியாலா, ரொட்டியாலா?

கோதுமைமணி எழுதியது:

புருஸ்கெட்டா என்பது வாட்டிய ரொட்டியில் பூண்டு தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, மேலே தக்காளி வைக்கிற இத்தாலியப் பண்டம். வீட்டில் அதைச் செய்கிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே புகார்தான். தட்டில் வைத்து ஐந்து நிமிஷம் ஆவதற்குள் ரொட்டி ஊறிவிடுகிறது, கையில் எடுத்தால் நடுவில் தொங்குகிறது, மேலே வைத்தது மடியில் விழுகிறது. காரணம் தக்காளித் தண்ணீர். முதலிலேயே உப்புப் போட்டு அதை வடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

6 துண்டுக்கு அளவு: நன்றாகப் பழுத்த, ஆனால் கெட்டியான தக்காளி 400 கிராம். உப்பு 4 கிராம், அதாவது தக்காளி எடையில் நூற்றுக்கு ஒன்று. எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், பேசில் (துளசிக் குடும்பத்து இத்தாலிய வாசனை இலை) எட்டு பத்து. ரொட்டி கெட்டித் தோலுள்ளதாக, முந்தின நாள் சுட்டதாக, 1.5 செ.மீ. கனத்தில்.

தக்காளியை 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி உப்பைக் கலந்து வடிகட்டியில் 20 நிமிஷம் விடுங்கள். கீழே கிண்ணத்தில் 60 மி.லி.யாவது சேரும். வடிந்த தக்காளியில் பாதி எண்ணெயையும் கையால் கிழித்த பேசிலையும் சேர்க்கவும். ஓவனை 230 டிகிரிக்குச் சூடாக்கி, மேல் தட்டில் ரொட்டியைப் பக்கத்துக்கு 3 நிமிஷம் சுடவும். சூடு ஆறுவதற்குள் பூண்டு தேய்த்து, மிச்ச எண்ணெயை விட்டு, தக்காளியை வைத்து உடனே கொடுத்துவிட வேண்டும்.

பல்சாமிக் வினிகர் (திராட்சைச் சாற்றில் செய்கிற தித்திப்பான கறுப்பு வினிகர்) எங்கே என்று கேட்காதீர்கள். அது வட இத்தாலியில் மோதேனா ஊர்ப் பக்கத்துச் சரக்கு. ரோமிலும் உம்ப்ரியாவிலும் இதற்கு அதை விடுவது வழக்கமில்லை. கடையில் பல்சாமிக் கிளேஸ் என்று விற்கிற கெட்டிப் பாகில் சர்க்கரை அதிகம். உப்பு மாதிரியே அதுவும் தக்காளியிலிருந்து தண்ணீரை இழுக்கும்.

கரித்தணல் எழுதியது:

அளவெல்லாம் சரிங்க, கட்சிதான் சரியில்லை. வடிச்சுக் கீழே விடுறது வெறும் தண்ணீர் இல்லை. தக்காளியோட விதையைச் சுத்தி இருக்கிற கூழ்லதான், வெளிச் சதையைவிட குளூட்டமேட் அதிகம். இங்கிலாந்து ரெடிங் பல்கலைக்கழக ஆய்வுல 2007-லயே இதை அளந்து வெளியிட்டுட்டாங்க. நாக்குல 'ருசி' என்று நிக்கிற சமாச்சாரம் அதுதான். அதை வடிகட்டி வழியா ஓடவிட்டுட்டு, மிச்சமிருக்கிற சதையை ரொட்டி மேல அடுக்கினா என்ன பிரயோஜனம்?

குற்றம் ரொட்டி மேலதான். ரோமுக்குத் தெற்கே ஜென்சானோ ஊர்ல சுடுற ரொட்டியைப் பாருங்க. 1997-லயே ஐரோப்பிய ஒன்றியத்தோட புவியியல் முத்திரை வாங்கினது. வெளியில தவிடு ஒட்டின கறுத்த தடித் தோல், உள்ளே இழுத்தா இழுபடுற சதை. தெற்கு இத்தாலியில புல்யா மாநிலத்து அல்தமூரா ரொட்டி முழுக்க டூரம் கோதுமை மாவு, தோல் 3 மில்லிமீட்டருக்குக் குறையாது. இந்த மாதிரி ரொட்டியை வாட்டினா ஈரத்தைத் தாங்கும். பாக்கெட் பிரெட்ல சர்க்கரையும் கொழுப்பும் இருக்கு. சர்க்கரையால வெளிப்பக்கம் சீக்கிரம் சிவந்துடும், உள்ளே அப்படியே பஞ்சாத்தான் இருக்கும். அது மேல தக்காளி வெச்சா ரசவடை மாதிரி ஊறத்தான் செய்யும். அதுக்குத் தக்காளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கோதுமைமணி எழுதியது:

கணக்கைப் பாருங்கள். 60 மி.லி. சாறு, 6 துண்டு. ஒரு துண்டுக்கு 10 மி.லி., அதாவது இரண்டு டீஸ்பூன் நிறையத் தண்ணீர். அல்தமூரா ரொட்டியானாலும் வாட்டிய மேல்பரப்பில் இரண்டு டீஸ்பூன் தண்ணீரை ஊற்றினால் மொறுமொறுப்பு நிற்காது. ஜென்சானோ ரொட்டி கிடைக்கிறவர்களுக்கு இந்த விவாதமே தேவையில்லை. கிடைத்த சவர்டோவை (புளித்த மாவு ரொட்டி) வைத்துச் செய்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

வடிகட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. உப்பு சதைக்குள் போய்விடும். கடைசி நிமிஷத்தில் மேலே தூவினால் முதல் கடியில் உப்பு கரிக்கும், அடுத்த கடி சப்பென்று இருக்கும்.

கரித்தணல் எழுதியது:

உங்க கணக்குலயே ஓட்டை இருக்குங்க. அந்த 60 மி.லி. வந்ததே நீங்க உப்புப் போட்டு 20 நிமிஷம் வெச்சதாலதான். உப்புப் போடாத தக்காளியை நல்ல கூரான கத்தியால நறுக்கினா தண்ணீர் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே நிக்கும். மொண்ணைக் கத்தின்னா நசுங்கி ஒழுகும், அதனால ரம்பப் பல் கத்தி எடுங்க. நறுக்கி எண்ணெயில புரட்டி வெச்சுடுங்க, உப்பு வேண்டாம். ரொட்டி வாட்டி முடிஞ்சதும் உப்பைப் போட்டு ஒரு கிளறு, அடுத்த அரை நிமிஷத்துல ரொட்டி மேல ஏத்திடணும். தண்ணீர் விட ஆரம்பிக்கிறதுக்குள்ள சாப்பிட்டு முடிஞ்சிடும். உப்பு கரிக்குதுன்னா கல்லுப்பை அப்படியே போட்டிருப்பாங்க. பொடிச்சுப் போட்டா அந்தத் தொல்லை கிடையாது.

ஒலிவக்காடு எழுதியது:

ரெண்டு பேரும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை விட்டுவிட்டீர்கள். தக்காளி இல்லாமலே இது முழுப் பண்டம். மத்திய இத்தாலியில் தொஸ்கானா மாநிலத்தில் இதை ஃபெத்துந்தா என்கிறார்கள். நவம்பரில் புது எண்ணெய் ஆட்டி வந்ததும் உப்பில்லாத தொஸ்கானா ரொட்டியை வாட்டி, பூண்டு தேய்த்து, எண்ணெயைத் தாராளமாக விட்டு, மேலே உப்பு. அவ்வளவுதான். புது எண்ணெயின் பச்சை வாசனையையும் தொண்டையில் ஏறும் காரத்தையும் ருசி பார்க்கவே அதைச் செய்கிறார்கள்.

இங்கே எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வாட்டிய ரொட்டியின் துளைகளை முதலில் எண்ணெய் நிரப்பிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்க நேரமாகும். துண்டுக்கு 2 டீஸ்பூன், அதாவது 10 மி.லி. விட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நாலு சொட்டு விட்டுவிட்டு, ஊறிப்போச்சு என்கிறார்கள். கோதுமைமணியின் அளவில் பாதி எண்ணெய் தக்காளிக்குப் போய்விட்டால் ரொட்டிக்கு மிஞ்சுவது துண்டுக்கு 5 மி.லி.தான். அது போதாது. அந்த நாலு மேசைக்கரண்டியையும் ரொட்டிக்கே விடுங்கள், தக்காளிக்குத் தனியாக ஒரு மேசைக்கரண்டி போதும். வரிசையும் முக்கியம்: பூண்டு, எண்ணெய், அப்புறம்தான் தக்காளி.

விருந்துக்கட்டு எழுதியது:

எல்லாரும் ஆறு துண்டுக்கே யோசிக்கிறீர்கள். இருபது பேர் வந்தால் 40 துண்டு வேண்டும். சுடச்சுட வாட்டி ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு என் முறை: பகெட் ரொட்டியை (நீளமான பிரெஞ்சு ரொட்டி) 1 செ.மீ. கனத்தில் சாய்வாக வெட்டி, இரண்டு பக்கமும் பிரஷ்ஷால் எண்ணெய் தடவி, 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிஷம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. உள்ளே ஈரமே இல்லாமல் காய்ந்துவிடும். கம்பித் தட்டில் ஆறவிட்டு டப்பாவில் போட்டால் மறுநாள் வரை மொறுமொறுப்பு போகாது. எண்ணெய் தடவினால் சிவப்பும் எல்லா இடத்திலும் சீராக வரும், திட்டுத் திட்டாகக் கருகாது. நமத்துப் போகிற பிரச்சினைக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை.

பூண்டுப்பல் எழுதியது:

அது குரொஸ்தீனி. தொஸ்கானாவில் கோழி ஈரல் விழுது தடவிக் கொடுக்கிற சின்ன வகை. ஈரல் விழுதுக்கு அது பொருத்தம்தான். ஆனால் புருஸ்கெட்டாவுக்கு அதே முறையை எடுத்தால் இரண்டு இடத்தில் உதைக்கும்.

முதலாவது பூண்டு. வாட்டிய ரொட்டியின் காய்ந்த முரட்டுப் பரப்புதான் இங்கே துருவி. பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைச் சூடான ரொட்டியில் நாலைந்து இழுப்பு இழுத்தால் பல் தேய்வது கண்ணுக்குத் தெரியும். ஓரத் தோலில்தான் அதிகம் தேயும், நடுவில் குறைவு. எண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியில் பூண்டு வழுக்கும், ஒன்றும் ஒட்டாது. முன்னாலேயே தேய்த்துச் சுட்டாலோ கருகிக் கசக்கும். ஒரு பல் மூன்று நாலு துண்டுக்கு வரும்.

இரண்டாவது, எக்ஸ்ட்ரா வர்ஜினின் வாசனையில் பாதி ஓவன் சூட்டிலேயே பறந்துவிடும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எண்ணெயைச் சுடுவதற்குச் செலவழிப்பது வீண். வாட்டியபின் பச்சையாக விட வேண்டும்.

பூண்டைப் பொடியாக நறுக்கித் தக்காளியில் கலக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரமாக ஆகக் காட்டம் ஏறிக்கொண்டே போகும், 400 கிராமுக்கு அரைப் பல்லைத் தாண்டாதீர்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே நாள்கணக்கில் வைக்கவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நஞ்சைச் சுரக்கிற கிருமி வளரும். வாசனையில் தெரியாது, அதுதான் ஆபத்து.

விருந்துக்கட்டு எழுதியது:

சூட்டில் வாசனை போவது சரி, அதனால் தடவுவதற்குச் சாதாரண ஆலிவ் எண்ணெய் போதும், நல்லதைக் கடைசியில் மேலே விடலாம். பூண்டுக்கும் வழி உண்டு. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் தடவுங்கள். தடவாத பக்கத்தைத் தேய்க்கலாம்.

கரித்தணல் எழுதியது:

குறைந்த சூட்டுல ரொம்ப நேரம் வெச்சா ரொட்டி ரஸ்க் ஆயிடும். கடிச்சா நொறுங்கி மேலண்ணம் கிழியும். மேலே 140 டிகிரிக்கு மேல ஏறிச் சிவக்கணும், உள்ளே மெத்துன்னு இருக்கணும். அதுக்கு அதிகச் சூடும் குறைஞ்ச நேரமும்தான் வழி. காய்ஞ்ச ரொட்டிதான் வேணும்னா புல்யாவுல ஃப்ரீசெல்லேன்னு ஒண்ணு இருக்கு, இரண்டு தடவை சுட்டு உலர்த்தினது. அதைத் தண்ணியில முக்கி எடுத்துத்தான் மேல தக்காளி வைப்பாங்க. பாருங்க, காய்ஞ்ச ரொட்டிக்கு அவங்களே தண்ணி காட்டுறாங்க!

இன்னொண்ணு, நமத்துப்போற கேஸ்ல நிறைய கீழிருந்துதான் வருது, யாரும் கவனிக்கிறதில்லை. வாட்டின ரொட்டியைச் சூட்டோட பீங்கான் தட்டுல படுக்க வெச்சா அடியில ஆவி அடைச்சு வேர்த்துடும். கம்பித் தட்டுல ஒரு நிமிஷம் விட்டு அப்புறம் பூண்டு தேய்ங்க. சூடு முழுசா ஆறிடக் கூடாது.

புதுசமையல் எழுதியது:

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. சந்தையில் நாட்டுத் தக்காளியும் பெங்களூர் தக்காளியும்தான் கிடைக்கிறது. இந்தச் சண்டையில் எனக்கு எது பொருந்தும்?

கோதுமைமணி எழுதியது:

நாட்டுத் தக்காளியானால் வடிக்காமல் முடியவே முடியாது. மெல்லிய தோல், நிறையச் சாறு, புளிப்பு. பெங்களூர் தக்காளியில் சதை கெட்டி, சாறு குறைவு, புளிப்பும் குறைவு, 10 நிமிஷம் வடித்தால் போதும். செர்ரி தக்காளி கிடைத்தால் இன்னும் நல்லது. சிசிலியில் பக்கீனோ ஊர்த் தக்காளிக்கு அவ்வளவு பேர் இருப்பதே தித்திப்பும் கெட்டித்தன்மையும் சேர்ந்து வருவதால்தான். சான் மர்சானோ என்ற இத்தாலிய நீள வகை டின் தக்காளியை இதற்கு எடுக்காதீர்கள். அது சாஸுக்குரியது. வெந்து டின்னில் அடைத்தது, பச்சைத் தக்காளியின் நறுக்கென்ற கடி வராது.

வாங்கியதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளி வாசனை மங்கும். பேசிலும் குளிரில் கறுக்கும்.

கரித்தணல் எழுதியது:

பெங்களூர் தக்காளின்னா வடிக்கவே வேணாம்னு நான் சொல்வேன். ஓவனைப் பத்திக் கவலை வேண்டாம், இதோட பிறப்பே கரி அடுப்புலதான். இரும்பு தோசைக்கல்லை எண்ணெய் தடவாம மிதமான தீயில நல்லாக் காயவெச்சு, ரொட்டியைப் போட்டுத் திருப்பியால லேசா அழுத்திப் பக்கத்துக்கு 2 நிமிஷம். நான்-ஸ்டிக் வேணாம், வெறும் கல்லா அதிகச் சூட்டுல வெச்சா பூச்சு கெடும். ஃபுல்கா சுடுற கம்பி வலை இருந்தா அதுல நேரா தீ மேல வாட்டலாம், ஓரம் லேசாக் கருகுறதும் நல்ல ருசிதான். ஆனா கண்ணை எடுக்கக் கூடாது. அரை நிமிஷத்துல ரொட்டி தீப்பிடிக்கும்.

ஒலிவக்காடு எழுதியது:

பேசிலுக்குப் பதில் துளசி போட்டு விடாதீர்கள், கிராம்புக் காட்டம் வந்துவிடும். திருநீற்றுப்பச்சிலை பேசிலின் அதே செடி இனம்தான், ஆனால் ஊரில் கிடைப்பதில் பெரும்பாலும் சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும், இத்தாலியில் போடுகிற ஜெனோவா வகைப் பேசிலின் வாசனை வராது. கிடைக்காவிட்டால் உலர்ந்த ஒரிகானோ ஒரு சிட்டிகை போடலாம், தெற்கு இத்தாலியில் அதுவும் வழக்கமே.

கோதுமைமணி எழுதியது:

கரித்தணல் கவலைப்படும் அந்தச் சாறு எங்கேயும் போகவில்லை. வடிந்த 60 மி.லி.யில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து மூடியுள்ள பாட்டிலில் குலுக்கினால் கொஞ்ச நேரத்துக்குப் பால்போலச் சேர்ந்து நிற்கும். குளூட்டமேட் அதில்தான் இருக்கிறது. அதைத் தக்காளி மேலே விடலாம். உப்பு அதில் ஏற்கெனவே உண்டு, மேலும் போட வேண்டாம்.

கரித்தணல் எழுதியது:

அடடே! அப்போ வடிச்சது எதுக்குங்க, திரும்ப ஊத்தத்தானா?

கோதுமைமணி எழுதியது:

எவ்வளவு, எப்போது என்பது என் கையில் இருக்கிறதே. துண்டுக்கு இரண்டு டீஸ்பூன் தானாக இறங்குவது வேறு, சாப்பிடுகிறவர் கையில் எடுக்கும்போது நான் ஒரு டீஸ்பூன் விடுவது வேறு. இருபது பேர் விருந்தில் தக்காளியை ஒரு மணி நேரம் முன்பே வடித்து வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கலாம். உங்கள் முறையில் 40 துண்டுக்கும் கடைசி அரை நிமிஷத்தில் உப்புப் போட்டு ஏற்ற எத்தனை பேரை நிறுத்துவீர்கள்?

கரித்தணல் எழுதியது:

நாப்பதை ஒரே நேரத்துல ஏன் அடுக்கணும்? ரொட்டியைக் கூடையில வைங்க, தக்காளியைக் கிண்ணத்துல வைங்க, பக்கத்துல எண்ணெய்ப் பாட்டிலும் பொடி உப்பும். அவங்கவங்க வெச்சுச் சாப்பிடட்டும். ரொட்டி மட்டும் எட்டு எட்டா வாட்டி வந்துட்டே இருக்கணும், அதுக்கு ஒரு ஆள் போதும்.