விமானிகள் கண்ட விளங்காத வான்பொருள்கள்: அரசுக் கோப்புகளைப் படிக்க இயலுமா?

கேள்வி (சேன் ஆந்த்ரே, ரீயூனியன்):
வணக்கம். விமானிகள் வானில் கண்டு, இராணுவத்தின் பதிவிலும் இடம்பெற்று, இன்றுவரை விளக்கம் பெறாத நிகழ்வுகளின் மூல ஆவணங்களைப் பொதுமக்கள் படிக்க முடியுமா? செவிவழிச் செய்திகள் எனக்கு வேண்டாம்.

மறுமொழி (சேன் தெனி):
முடியும், ஐயா. பிரான்சின் துலூஸ் நகரில் பிரெஞ்சு விண்வெளி ஆய்வு மையம் விளங்காத வான் நிகழ்வுகளை ஆராய 1977இல் தொடங்கிய பிரிவு, இப்போது கெய்பான் என்ற பெயரில், 2007 முதல் தன் கோப்புகளை இணையத்தில் வெளியிட்டு வருகிறது. இது குடிசார் அமைப்பே. ஆயினும் ஜாந்தார்ம் காவலர்களின் விசாரணை அறிக்கைகளும் இராணுவத் தரவுகளும் இதற்குக் கிடைக்கின்றன. 1994 ஜனவரி 28 அன்று நீஸிலிருந்து லண்டன் சென்ற ஏர் பிரான்ஸ் 3532 விமானத்தின் குழுவினர் பாரீஸ் பகுதிக்கு மேலே செம்பழுப்பு நிறப் பொருளொன்றைக் கண்டதாகத் தெரிவித்தனர்; அதே வேளையில் விமானப்படை ராடாரும் அவ்விமானத்தின் பாதையைக் குறுக்கிட்ட ஒரு தடத்தை 50 விநாடிகள் பதிவு செய்திருந்தது. கண்ணும் கருவியும் ஒத்துப்போவதால் இக்கோப்பையே முதலில் படியுங்கள் என்பேன்.

மறுமொழி (சேன் பியேர்):
இத்தகைய வான்பொருள் தகவல்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969இல் முடிந்தபோது, 12,618 பதிவுகளில் 701 அடையாளம் காணப்படாமல் இருந்தன. 2021 ஜூன் மாத அமெரிக்க உளவுத்துறை அறிக்கை ஆராய்ந்த 144 நிகழ்வுகளில் ஒன்று மட்டுமே, காற்றிறங்கிய பெரிய பலூன் என, உறுதியாக விளக்கப்பட்டது. 'விளக்கப்படவில்லை' என்பதற்கு 'வேற்றுலகப் பொருள்' என்று பொருளல்ல; பல கோப்புகளில் தரவு போதாமையே காரணம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 1994ஆம் ஆண்டுக் கோப்பை இன்றிரவே படிக்கத் தொடங்குகிறேன்.